ஏ.சி. டி.சி.யாக மாற்றித் தரப்படும்

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் சவரியப்பனைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அவர் பேசுவதைக் கேட்க வருகிறவர்கள்தான் கிடையாது. என் உரக்கடைக்கும் அவருடைய கடைக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். என் பக்கத்துப் பூச்சிமருந்து நாற்றம் அவருக்குப் போகும், அவர் பக்கத்து மின்சாரப் பாடம் எனக்கு வரும். இரண்டில் எது உடம்புக்குக் கெடுதல் என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

வயலில் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்குச் சார்ஜர் கட்டிக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. ஸ்பிரேயரோடு வருகிற சார்ஜர் தீப்பெட்டி கனம்தான் இருக்கும். ஒரு சம்பா தாங்காது. சவரியப்பன் கட்டுகிற சார்ஜர் அம்மிக்கல் கனம் இருக்கும், பேரன் காலம் வரை தாங்கும். அப்படிப்பட்ட பொருளைச் செய்கிறவனிடம் வாங்கினவன் மறுபடி ஏன் வரப்போகிறான்? இந்த வியாபார ரகசியம் மட்டும் அவர் மண்டைக்கு எட்டவே இல்லை.

வந்தவன் சார்ஜரை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைப்பான். விடமாட்டார். “உக்காருங்க” என்பார். வீட்டுக்கு வருகிற கரண்ட்டு ஏ.சி.; அது முன்னால் போகும், பின்னால் வரும், ஒரு நொடிக்குள் ஐம்பது தடவை இந்த ஊஞ்சல். பேட்டரிக்கு ஊஞ்சல் ஆகாது. ஒரே திசையில் போகிற டி.சி. வேண்டும். ஆகவே டிரான்ஸ்பார்மரை வைத்து வோல்ட்டேஜைக் கீழே இறக்க வேண்டும். நாலு டையோடு வைத்து, திரும்பி வருகிறதையும் முன்னால் போகிற பக்கமே தள்ள வேண்டும். அப்படி வருவது மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளத்தை ரொப்பக் கெபாசிட்டர். அதற்கும் அடங்காத ஆட்டத்தை அடக்க ரெகுலேட்டர். எனக்கு இவ்வளவுதான். அவருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த ரெகுலேட்டர் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் கதை.

ஏனென்றால் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. நடவுக்காரர்கள் டிரான்ஸ்பார்மரோடு எழுந்துவிடுவார்கள். வாத்தியார்கள், பிறரைப் படுத்திய பாவத்துக்குப் பரிகாரம்போல, டையோடு வரை தாங்குவார்கள். பங்குச்சாமியார் ஒருமுறை கெபாசிட்டர் வரை வந்தார். சாகக்கிடக்கிற யாருக்கோ அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டியது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார். ஊரில் அன்று யாரும் சாகவில்லை.

எழுந்து போகிறவனின் முதுகைப் பார்த்ததும் சவரியப்பன் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிடுவார். அவர் முகம் அப்போது சின்னதாகிப் போகும். ஒருநாள் என்னிடமே சொன்னார்.

“குணா, ஒரே ஒரு ஆளு கடைசி வரைக்கும் கேட்டாப் போதும்டா. அப்புறம் செத்துப்போனாலும் பரவால்ல.”

“கேட்டு முடிக்கிறவன்தாண்ணே செத்துப்போவான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த ஆசை விளையாட்டு இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. மனுஷனுக்கு வேறு ஆசை கிடையாது. வீடு, நிலம், மகளுக்குத் துபாய் மாப்பிள்ளை, எதுவும் கேட்கவில்லை. தான் சொல்வதைக் கெபாசிட்டருக்கு மேலும் கேட்க இரண்டு காது கேட்டார். இந்தக் காவிரிக்கரையில் பொன்னி நெல் கிடைக்கும், வாழைத்தார் கிடைக்கும், அது மட்டும் கிடைக்கவில்லை.

வீட்டிலாவது கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. கடையின் பின்கட்டுதான் வீடு. இவர் “ஏ.சி.ங்கிறது என்னன்னா” என்று தொடங்கினதும், வாசல்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிற ஜூலியட் அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு விருந்தில் இவர் பாடம் எடுத்து, மாமனார் இலைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டதாகக் கேள்வி. அண்ணி அதற்கு அப்பாவைத் திட்டினாரா, புருஷனைத் திட்டினாரா என்று தெரியாது.

சரி, போர்டு கதைக்கு வருகிறேன். முதலில் அவர் கடை வாசலில் ‘ஏ.சி. - டி.சி.’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. நம் ஊரில் ஏ.சி. என்றால் சுவரில் மாட்டிக் குளிர அடிக்கிற பெட்டிதான். “அண்ணே, எங்க வூட்டு ஏ.சி.ல தண்ணி ஒழுவுது” என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்குக் கோபம் ஏறியது. ஒரு குழப்பமும் இல்லாமல் தெளிவாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். மஞ்சள் போர்டில் சிவப்பு எழுத்து:

‘இங்கு ஏ.சி. டி.சி.யாக மாற்றித் தரப்படும். உத்தரவாதம் உண்டு.’

தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு.

சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்த நேரம் அது. கல்லணைப் பக்கத்து நிலக்காரர் சிங்காரவேலு என் கடைக்கு மருந்து வாங்க வந்தார். புழுவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். மீதியெல்லாம் மருமகனைப் பற்றித்தான். மருமகன் இளஞ்செழியன் ஏதோ ஒரு துறையில் உதவி ஆணையர். அரசாங்க வழக்கில் உதவி ஆணையர் என்றால் ஏ.சி.; அதற்கு மேலே துணை ஆணையர், அவர் டி.சி. மருமகன் பல வருஷமாக ஏ.சி.யாகவே இருக்கிறாராம். பின்னால் வந்தவனெல்லாம் டி.சி. ஆகிவிட்டானாம். மகள் போனில் அழுகிறாளாம்.

மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே இறங்கினவர் அப்படியே நின்றுவிட்டார். சவரியப்பனின் போர்டைப் பார்க்கிறார். கோபுர தரிசனம் மாதிரி அண்ணாந்து பார்க்கிறார்.

“தம்பி, இவரு எப்படி? நம்பலாமா?” என்று என்னிடம் கேட்டார்.

வீட்டில் ஸ்பிரேயர் இருக்கிறது போலும் என்று நினைத்து, “கெட்டிக்காரருங்க. எடுத்த காரியத்த முடிக்காம விடமாட்டாரு” என்றேன். பக்கத்துக் கடைக்காரனுக்கு நல்ல வார்த்தை சொல்வது தப்பா?

அவர் உள்ளே போனார். ஒற்றைக்கல் சுவர் தன் வேலையைச் செய்தது.

“போர்டப் பாத்தேன். ஏ.சி.ய டி.சி.யா மாத்துறீங்களாமே?” சிங்காரவேலுவின் குரல் தணிந்திருந்தது.

“அதாங்க தொழிலே. சாமான் கொண்டாந்திருக்கீங்களா?”

“நம்ம சாமான் இப்ப திருச்சில இருக்கு.” மனுஷர் பூடகமாகப் பேசுகிறாராம். “மொதல்ல எப்படி மாத்துவீங்க, என்ன வழின்னு வெவரமாச் சொன்னீங்கன்னா தேவல. எவ்ளோ நேரமானாலும் பரவால்ல, நான் கேட்டுக்கறேன்.”

 சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற ஓசை. சவரியப்பன் விசிறியைக்கூடப் போட்டுக் கொடுத்தார்.

“ஏ.சி.ங்கிறது என்னன்னா, நெலையா நிக்காதுங்க. முன்னாடி போவும், பின்னாடி வரும்.”

“நெசந்தாங்க. இன்னைக்கு ஆபீசு, நாளைக்கு கேம்ப்பு. அலைச்சல்தான்.”

“டி.சி. அப்படி இல்ல. ஒரே பக்கம். நிதானமாப் போவும்.”

“அதுக்குத்தானே ஆசப்படுறோம்.”

“எடுத்த எடுப்புல மாத்திட முடியாதுங்க. டிரான்ஸ்பார்மர்ல போட்டு மொதல்ல எறக்கணும்.”

“டிரான்ஸ்பர் போட்டு எறக்கணுமா?” சிங்காரவேலுவுக்கு வார்த்தை பாதிதான் விழுந்தது. “சரிதான், எறக்கினாத்தானே அப்புறம் ஏத்துனது தெரியாது.”

“அடுத்தது நாலு டையோடு. பிரிட்ஜுன்னு சொல்வோம். இங்கேருந்து அங்க போறதுக்கு அதான் பாலம்.”

“நடுவுல நாலு பேரு. ம்.”

“நாலு பேருன்னே வச்சுக்கங்க. ஆனா ஒரு நேரத்துல ரெண்டு பேருதான் வேல செய்வான். மத்த ரெண்டு பேரு சும்மா நிப்பான்.”

“எல்லா ஆபீசுலயும் அதாங்க நடக்குது.”

“டையோடு ஒரு வழி மதகு மாதிரி. ஒரு பக்கம் வாங்கும். அந்தப் பக்கமாத் திருப்பிக் கேட்டா வராது.”

“வராதுங்க. ஒருதடவ பட்டிருக்கேன்.”

“அவனும் சும்மா விடமாட்டான். போறதுல கொஞ்சம் தனக்குன்னு எடுத்துக்குவான். ஆளுக்கு முக்கா வோல்ட்டு.”

“முக்காதானா? நியாயமான ஆளுங்கதான்.”

விஷயம் எங்கே போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து ஓடினேன். வாசலில் நின்று கையை ஆட்டினேன், கண்ணைக் காட்டினேன், தொண்டையைச் செருமினேன். சவரியப்பன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பூசை நேரத்தில் கோயிலுக்குள் நாய் நுழைந்தால் பார்க்கிற பார்வை.

“குணா, ஒன் கடையில ஆளு நிக்குது. போய்ப் பாரு.”

என் கடையில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

“இப்ப கெபாசிட்டர்” என்றார் சவரியப்பன்.  பங்குச்சாமியார் எழுந்து போன இடம். சிங்காரவேலு எழுந்திருக்கவில்லை. “ஆத்துல மொற வச்சுத் தண்ணி விடுறாங்கல்ல? தண்ணி வர்றப்ப குட்டையில ரொப்பிக்கிறோம், நின்னுபோற நாளுல குட்டையிலேருந்து எறைச்சுக்கிறோம். கெபாசிட்டர் அந்தக் குட்டை. வர்றப்ப வாங்கி வச்சுக்கும், கொறையறப்ப குடுக்கும்.”

“பெரிய எடம்.”

“பெருசாத்தான் போடணும். சின்னதா ஒண்ணப் போட்டு ஒப்பேத்துனா சத்தம் வந்துரும்.”

“ஐயையோ, சத்தம் வரவே கூடாது. வெளியில தெரிஞ்சா வம்பு.”

“கடைசியா...” சவரியப்பன் நிறுத்தினார். பிறகு, முதல் பிள்ளைக்குப் பெயர் சொல்கிறவர்போல, “ரெகுலேட்டர்” என்றார். “ஆத்து மதகுக்குச் சொல்றோமே அதே பேருதான். எவ்ளோ வந்தாலும் அளவா விடும். கூடுதலா வர்றத வெட்டிரும். அதனால அது சூடாவே இருக்கும்.”

“மேலிடம்னா சூடாத்தான் இருக்கும்” என்று சிங்காரவேலு ஒத்துக்கொண்டார்.

பாடம் முடிந்தது. ஊர் சரித்திரத்தில் முதல் தடவையாக முடிந்தது. எட்டிப் பார்த்தேன். சிங்காரவேலு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “இவ்ளோ வெளிப்படையா யாருங்க சொல்றா? ஒண்ணு விடாமப் புரிஞ்சுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சவரியப்பனின் கண்ணில் நீர் நின்றது. நான் சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

மாதா கோயில் அன்பிய ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த அண்ணி திரும்பி வந்ததும், இவர் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் சொன்னார்: “ஜூலியட், ஒருத்தரு முழுசாக் கேட்டாரு!” அண்ணி, “நல்லதுங்க. சாப்ட வாங்க” என்று மட்டும் சொன்னார். அந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று அன்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். ஆனால் சவரியப்பன் அந்த நாட்களில் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீங்களும் வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். சார்ஜர் வாங்க வந்தவர்களைச் சீக்கிரமாக விட்டுவிட்டார். ஒருவர் கேட்டுவிட்டார், அது போதும் என்ற நிறைவு.

பொங்கல் கழிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, முறைப்படி வருகிற பட்டியல் வந்து, முறைப்படி இளஞ்செழியன் டி.சி. ஆனார். அறுவடை முடிந்த கையோடு சிங்காரவேலு வந்து இறங்கினார். பொன்னாடை, பழத்தட்டு, சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய. நடுக்கடைத்தெருவில் நின்று சவரியப்பனின் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, “எங்க மாப்பிள்ளைய ஏ.சி.லேருந்து டி.சி. ஆக்குன மகராசன் இவருதான்” என்றார்.

சவரியப்பன் போர்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு சிங்காரவேலுவைப் பார்த்தார். ஒவ்வொன்றாக அவருக்குள் விழுவது வெளியிலிருந்தே தெரிந்தது. டிரான்ஸ்பர், நடுவில் நாலு பேர், பெரிய இடம், மேலிடம்.

“ஐயா, நான் அன்னைக்குச் சொன்னது கரண்ட்டப் பத்திங்க” என்றார் மெதுவாக.

“கரண்ட்டுதாங்க! எப்பேர்ப்பட்ட கரண்ட்டு!” சிங்காரவேலு கண்ணைச் சிமிட்டினார். “நமக்குள்ள இருக்கட்டும்.”

பொன்னாடையோடு சவரியப்பன் உள்ளே போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் முகம் சின்னதாகவில்லை. முகமே இல்லாமல் போனது. கேட்கவே கேட்காமல் எழுந்து போனவர்கள் எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. அவர்களாவது ஏமாற்றவில்லை.

அடுத்த வாரமே கூட்டம் சேர ஆரம்பித்தது. மன்னார்குடியிலிருந்து ஒருவர், பூம்புகாரிலிருந்து ஒருவர், தங்கச்சி புருஷனுக்கு மாறுதல் கேட்டு ஒரு வாத்தியார். அதுவும் முன்னே டையோடோடு எழுந்து போன அதே வாத்தியார். சவரியப்பன் போர்டைக் கழற்றிப் பார்த்தார். போர்டை எடுத்துவிட்டால் காரியம் இன்னும் ரகசியமாக நடக்கிறது என்றல்லவா அர்த்தம்? கூட்டம் கூடிப்போனது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்:

“சொல்லுங்கண்ணே. கடைசி வரைக்கும் கேக்குறோம்.”

ஆயுள் முழுக்க அவர் ஏங்கிய வாக்கியம். தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை. “ஒண்ணுமில்லீங்க, போங்க” என்பார். பற்றவைக்கிற கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார். ஸ்பிரேயர்க்காரர்கள் வந்தால் சார்ஜரை எடுத்து நீட்டுவார், அவ்வளவுதான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் காது வலிக்கிற அளவுக்கு அமைதி. இத்தனை வருஷமாக எதை நிறுத்தித் தொலைக்க மாட்டாரா என்று திட்டினேனோ அது நின்றுபோனதும், எனக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏங்கிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நானும் அவர் கடைச் சுவரோரம் நின்றிருந்தபோது, வாத்தியார் அளவுக்கு மீறினார்.

“எல்லாம் வேணாம் சவரியண்ணே. அந்த நாலு டையோடு யாரு யாருன்னு பேர மட்டும் சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

சவரியப்பன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பின்கட்டிலிருந்து ஜூலியட் அண்ணி வந்தார். கையில் முறம் இருந்தது. அரிசி முழுக்கச் சிதறிக்கொண்டிருந்தது.

“யாரு பேரு சார் வேணும் ஒங்களுக்கு?” என்றார். “ஏ.சி.ங்கிறது என்னன்னா, நெலையா நிக்காது. முன்னாடி போவும், பின்னாடி வரும். ஒரு செகண்டுக்கு அம்பது தடவ. டிரான்ஸ்பார்மர் எறக்கும். டையோடு ஒரு வழி மதகு, நாலு இருக்கும், ஒரு நேரத்துல ரெண்டுதான் வேல செய்யும். பின்னாடி வர்றதையும் முன்னாடி திருப்பி வுடும். அது மேடும் பள்ளமுமா வரும். அந்தப் பள்ளத்த ரொப்பறதுக்குக் கெபாசிட்டரு. ஆத்துல தண்ணி நின்னுபோற நாளுக்குக் குட்டையில எறைச்சுக்கிற மாதிரி. பெருசாப் போடணும், சின்னதாப் போட்டா சத்தம் வரும். இது கரண்ட்டு சார். இதுல எங்க வருது ஒங்க பிரமோஷனு, டிரான்ஸ்பரு? எந்திரிங்க எல்லாரும்!”

வார்த்தைக்கு வார்த்தை சவரியப்பன். நிறுத்துகிற இடம், இழுக்கிற இடம், ‘பள்ளத்த’ என்கிறபோது கையைக் குழிக்கிறது, எல்லாம் அவரேதான். கூட்டம் எழுந்தது. வாத்தியார் குடையை மறந்துவிட்டுப் போனார். கடையில் அவர்கள் இருவரும் மட்டும் நின்றார்கள், சுவரோரம் நான்.

சவரியப்பன் மனைவியை அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனாலும் மனுஷன் திருந்துவாரா?

“ரெகுலேட்டர வுட்டுட்டியே, ஜூலியட்” என்றார்.

“அது என்னதுங்க?” என்றார் அண்ணி. “அத நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லியே. கெபாசிட்டரத் தாண்டி யாரும் ஒக்காந்ததில்ல, நீங்களும் நிறுத்திருவீங்க. அந்த ஒருத்தரு கேட்டன்னைக்கும் நான் வூட்டுல இல்ல. ஒங்க மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் நான் உள்ள போயி கதவோரமா நிக்கிறது. நீங்க சொன்ன வரைக்கும்தானே எனக்குத் தெரியும்?”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆட்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சொல்லுங்க” என்றார்.

சவரியப்பன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். ஊரையே விரட்டி விரட்டிப் பாடம் சொன்ன அந்த மனுஷருக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அண்ணி எழுந்து போகாமல் காத்துக்கொண்டிருந்தார்.